சிவில் படித்தவர் ரோபாட்டுக்கு வீடு கட்டிய கதை: ராஜ் ரெட்டி பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல் பிராசசிங் நடத்துகிறேன். அட்மிஷன் சமயத்தில் வாசலில் ஒரு மேசை போட்டு என்னை உட்கார வைத்துவிடுவார்கள். கடந்த சில ஆண்டுகளாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏஐயும் வேணும், ரோபாட்டிக்சும் வேணும், ஸ்ட்ராட்டஜி பக்கமும் போகணும், கடைசியில பாடமும் நடத்தணும். ஒரே ஆளுக்கு இதெல்லாம் நடக்குமா மேம்?" ஸ்ட்ராட்டஜி என்று அவர்கள் சொல்வது, எந்த ஆராய்ச்சியை எடுப்பது, பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் வேலையை. நடந்திருக்கிறது என்று சொல்லி ராஜ் ரெட்டி பெயரைச் சொல்வேன். உடனே அடுத்த பத்துக் கேள்வி வரும். திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ராஜ் ரெட்டி?

முழுப்பெயர் தப்பல ராஜகோபால் ரெட்டி. 1937 ஜூன் 13 அன்று சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். விவசாயக் குடும்பம்; அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர். 1958இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தார். அதன் பிறகு ஆஸ்திரேலியா, அப்புறம் அமெரிக்கா. 1969 முதல் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 1979இல் ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். 1991 முதல் 1999 வரை கணினி அறிவியல் பள்ளியின் டீன். 1994இல் இன்னொரு ஏஐ ஆராய்ச்சியாளரான எட்வர்ட் ஃபைகன்பாமோடு சேர்ந்து டியூரிங் விருது பெற்றார். கணினித் துறையில் அதற்கு மேல் விருது கிடையாது. ஆசிய வம்சாவளியினரில் அதை முதலில் வாங்கியவர் இவர்தான். 2001இல் இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது.

சிவில் படித்தவர் கணினிக்கு எப்படிப் போனார்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் சிவில் கிடைத்தவர்கள், அல்லது அவர்களுடைய அப்பாக்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்வேன்.

1958இல் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு பிரிவே நம் ஊரில் கிடையாது. இந்தியாவில் இருந்த கணினிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கிண்டிக் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். அங்கே சிவில்தான் மூத்த பிள்ளை. ரெட்டி மேற்படிப்புக்குச் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் போனார். அங்கே யூடெகாம் என்ற கணினி இருந்தது. கட்டட, பாலக் கணக்கு போடுகிறவர்களுக்குத் தெரியும்: பத்திருபது சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டிய வேலை அது, கையால் போட்டால் நாள் கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் கணினியைத் தேடிப் போனவர்களில் சிவில்காரர்கள் நிறையப் பேர் இருந்தது அதனால்தான். 1960இல் எம்.டெக். முடித்துவிட்டு ஆஸ்திரேலிய ஐபிஎம்மில் மூன்று ஆண்டு வேலை பார்த்தார். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி. சேர்ந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் கார்னகி மெலனில் வெளிக்கள ரோபாட்டுகளுக்குப் பேர்போன ரெட் விட்டேக்கர் வாங்கிய முனைவர் பட்டமும் சிவிலில்தான். சும்மா தகவலுக்கு.

அவருடைய துறை ரோபாட்டிக்சா, ஏஐயா?

இரண்டும் இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள். அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வியை: மனிதர் பேசுவதை இயந்திரத்துக்கு எப்படிப் புரிய வைப்பது? ஸ்டான்ஃபோர்டில் அவருடைய கைடு ஜான் மெக்கார்த்தி. 1956இல் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூட்டத்துக்காக 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே போட்டவர் அவர். அவரிடம் பேச்சறிதலை எடுத்துக்கொண்டு 1966இல் ரெட்டி பட்டம் வாங்கினார்.

இந்தப் பிரச்சினை எவ்வளவு கடினம் என்று வகுப்பில் ஒரு சோதனை காட்டுவேன். ஒரு பையனை "பத்துப் பேர் வந்தாங்க" என்று மைக்கில் சொல்லச் சொல்லி, அலையைத் திரையில் போடுவேன். "சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி எங்கே இருக்கிறது, காட்டு" என்பேன். எல்லாரும் தட்டையாகக் கிடக்கும் முதல் பகுதியைக் காட்டுவார்கள். அதை ஓட்டிக் காட்டினால் அது 'பத்து' என்ற சொல்லின் நடுவில் இருக்கும். 'த்து' சொல்லும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக் காற்றை அடைக்கிறதே, அந்த மௌனம்தான் அது. 'பேர்', 'வந்தாங்க' இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்துகூட இருக்காது, ஒரே ஓட்டம். தாளில் சொற்களைப் பிரித்து எழுதிப் பழகிய நமக்கு, பேச்சிலும் அப்படிப் பிரிந்து கிடக்கும் என்று ஒரு நினைப்பு. காதுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

இதைத் தீர்க்கப் போனவருக்கு ஏஐ வேண்டியிருந்தது. கேட்டுப் புரிந்ததைச் செய்து காட்ட ஒரு கை வேண்டும்; அறுபதுகளின் முடிவில் ஸ்டான்ஃபோர்டில் வாயால் சொன்னால் கட்டையை எடுத்து வைக்கும் ரோபாட் கையோடு அதை இணைத்தார்கள். பணம் திரட்டவும் ஆள் சேர்க்கவும் வேண்டியிருந்தது, ஸ்ட்ராட்டஜி வந்தது. ஒரு ஆளால் முடியாத வேலை, மாணவர்கள் வந்தார்கள். நான்கு துறையில் கால் வைப்போம் என்று அவர் கிளம்பவில்லை. ஒரே கேள்வியின் பின்னால் போனதில் நான்கும் வழியில் வந்து நின்றன. என் வாசிப்பு இதுதான். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் இதன் விளக்கம்.

சதுரங்கம் கேட்டு விளையாடும் இயந்திரம் என்று ஒன்று செய்தாராமே?

ஆமாம், ஹியர்சே என்று பெயர். எழுபதுகளின் தொடக்கம். மைக்கில் உங்கள் ஆட்டத்தைச் சொன்னால் அது புரிந்துகொண்டு காய் நகர்த்தும்.

ஏன் சதுரங்கம்? அங்கேதான் மூளை இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக்குச் சாத்தியமான நகர்த்தல்கள் 20 மட்டுமே. எட்டுச் சிப்பாய்களுக்குத் தலா இரண்டு, இரண்டு குதிரைகளுக்குத் தலா இரண்டு. ஆகவே மைக்கில் எதிராளி என்ன முணுமுணுத்தாலும் அது அந்த 20 வாக்கியங்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒலி பாதிதான் கேட்டது என்றாலும் மீதியைப் பலகையைப் பார்த்து ஊகிக்கலாம். காது மந்தமான தாத்தா வீட்டில் எல்லார் பேச்சுக்கும் சரியாகப் பதில் சொல்வாரே, அதே தந்திரம். யார், எந்த நேரத்தில், எதற்காக வந்து நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து வந்த ஹியர்சே-2இல் இதைப் பெரிய கட்டமைப்பாக மாற்றினார்கள். அதற்குப் 'பிளாக்போர்டு' முறை என்றே பெயர். ஒரு கரும்பலகை, அதைச் சுற்றிப் பல நிபுணர்கள். ஒருவருக்கு ஒலி மட்டும் தெரியும், ஒருவருக்குச் சொற்கள், ஒருவருக்கு இலக்கணம், ஒருவருக்குப் பொருள். எல்லாரும் தங்களுக்குத் தோன்றியதைப் பலகையில் எழுதுவார்கள், மற்றவர் எழுதியதைப் பார்த்துத் திருத்துவார்கள். நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். 'ழ'வை 'ல' என்று சொல்லும் ஒருவர் "மழை வருது" என்கிறார். ஒலி நிபுணர் பலகையில் 'மலை' என்று எழுதுகிறார். அவர் கேட்டது அதுதான், அவர்மேல் தப்பில்லை. பொருள் தெரிந்தவர் எழுந்து வந்து, மலை எங்கே வரும் என்று அதை அடித்து 'மழை' என்று எழுதுகிறார். இந்த நிபுணர்கள் ஆட்கள் அல்ல, நிரல்கள். பின்னாளில் பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். ரோபாட் கட்டுப்பாடும் அதில் உண்டு.

அது வெற்றி பெற்றதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருப்பேன்.

1971இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஆர்ப்பா, பேச்சறிதலுக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைப் போட்டது. 1,000 சொற்கள், நிறுத்தி நிறுத்திப் பேசாத இயல்பான பேச்சு, பிழை 10 சதவீதத்துக்குள். இதுதான் இலக்கு. 1976இல் அதை எட்டியது ஹார்பி என்ற அமைப்பு. 1,011 சொற்கள். அதுவும் ரெட்டியின் ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான், ஆனால் அது ஹியர்சே-2 அல்ல. பலகையும் இல்லை, நிபுணர்களும் இல்லை. பேசக்கூடிய வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய வலைப்பின்னலாகக் கோத்து வைத்துவிட்டு, அதில் வழி தேடுவது. அவ்வளவுதான் அதன் வேலை.

வழி தேடும் முறை அழகானது. கிண்டியிலிருந்து பாரிமுனை போக வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் நல்லதாகத் தெரியும் ஒரே வழியை மட்டும் பிடித்தால், எங்கேயாவது தோண்டிப் போட்ட சாலையில் மாட்டிக்கொள்வோம். எல்லாத் தெருவையும் சோதித்தால் விடிந்துவிடும். எந்த இடத்திலும் முன்னணியில் இருக்கும் சில வழிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, பின்தங்கியவற்றைக் கழித்துக்கொண்டே போகலாம். பீம் தேடல் என்று இதைச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் நிரல்களில் இந்த முறையை இன்றைக்கும் பார்க்கலாம்.

இதே கூடத்தில் ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் மூன்றாவதாக ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தார். டிராகன் என்று பெயர். மொழியறிவை நிபுணர்கள் எழுதித் தருவதற்குப் பதிலாக, நிகழ்தகவுக் கணக்காக வைப்பது. பிற்காலத்தில் உலகமே அந்தப் பாதையில்தான் போனது. பேக்கரும் அவர் மனைவி ஜேனட் பேக்கரும் 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1997இல், நிறுத்தி நிறுத்திச் சொல்லாமல் இயல்பாகப் பேசியே எழுதவைக்கும் மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆக, ஒரே கூரைக்குக் கீழே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று வழிகள். தலைவருடைய பேர்போன வழி தோற்று, எளிய வழி வென்றது. அதையும் அவரே வளர்த்திருந்தார். ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன மேம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலக்கை எட்டிய பிறகும் ஆர்ப்பா அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை, பணம் நின்றது. அதுவும் இந்தத் தொழிலில் சகஜம்.

ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் எப்படி வந்தது?

1979. பிட்ஸ்பர்க் எஃகு நகரம். ஆலைகள் தள்ளாடத் தொடங்கிய நேரம். உற்பத்தியில் ஜப்பான் முந்திக்கொண்டிருந்தது. அதே ஊரைச் சேர்ந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளுக்குத் தானியங்கி முறை வேண்டும் என்று பணம் போட்டது. கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகமும் கைகொடுத்தது. இன்ஸ்டிடியூட் பிறந்தது, ரெட்டி இயக்குநர்.

அதே 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்திருந்தது. உலைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கதிரியக்க நீர். மனிதர் இறங்க முடியாது. முன்னால் சொன்னேனே ரெட் விட்டேக்கர், அவருடைய குழு செய்த வண்டிகள்தான் எண்பதுகளில் அங்கே இறங்கின. ஆலைக்காகத் தொடங்கிய கூடம் இப்படி வெளியே கிளம்பியது. ஜப்பானிலிருந்து டக்கியோ கனாடே 1980இல் வந்து கணினிப் பார்வையைக் கவனித்துக்கொண்டார். நேவ்லேப் என்ற தானோட்டி வண்டிகள் வரிசையாக வந்தன. 1995இல் அதில் ஐந்தாவது வண்டி பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை 2,849 மைல் போனது. அதில் 2,797 மைலுக்கு ஸ்டீயரிங்கைக் கணினியே திருப்பியது. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மனிதர் காலில் இருந்தன. இதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம், அதனால் சொல்கிறேன்.

1988இல் ரோபாட்டிக்சுக்கென்றே தனி பிஎச்.டி. படிப்பு தொடங்கினார்கள். அதுவரை இயந்திரவியல்காரர், மின்னியல்காரர், கணினிக்காரர் என்று தனித்தனிப் பட்டம்தான். ஒரு துறைக்குப் பெயரும் பட்டமும் கொடுப்பதுகூட ஸ்ட்ராட்டஜிதான். பெயர் இல்லாத துறையில் மாணவர் சேர மாட்டார், சேர்ந்தாலும் வீட்டில் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அவர் கையால் ரோபாட் செய்தாரா?

பெரும்பாலும் இல்லை. செய்கிறவர்களுக்கு இடம் செய்து கொடுத்தார். இதைச் சின்ன வேலை என்று நினைக்கும் பிள்ளைகள் ஒரு முறை டிபார்ட்மென்ட் லேபுக்கு ஆசிலோஸ்கோப் வாங்க ஃபைல் நகர்த்திப் பார்க்கட்டும்.

ஆசிரியராக அவர் எப்படி?

அவருடைய மாணவர்கள் சொல்வதை வைத்துத்தான் சொல்ல முடியும். எனக்குப் பிடித்தது கை-ஃபூ லீ பலமுறை பொதுவில் சொல்லியிருக்கும் சம்பவம்.

எண்பதுகளின் நடுவில் லீ பேச்சறிதலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதும் வழியில் போகச் சொன்னார் ரெட்டி. அது அவர் நம்பிய வழி. லீ கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு, இது ஓடாது, நான் புள்ளியியல் பக்கம் போகிறேன் என்று வந்து நின்றார். ரெட்டி அதற்குச் சொன்னதன் சாரம்: நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் உனக்கு என் ஆதரவு உண்டு. வாய்வார்த்தையோடு விடவில்லை. அந்த வழிக்கு வேண்டிய தரவும் கணினிகளும் கிடைக்க வழி செய்தார். 1988இல் லீ முடித்த ஸ்ஃபிங்க்ஸ் என்ற அமைப்பு, யார் பேசினாலும், இடைவிடாமல் பேசினாலும், சுமார் 1,000 சொற்களைப் புரிந்துகொண்டது. அதுவரை ஒவ்வொருவர் குரலுக்கும் இயந்திரத்தைத் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. லீ பிறகு ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கூகுள் சீனா என்று போனார்.

இருபது வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இது எளிதல்ல. மாணவர் நம் தலைப்பை விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் வருவது கோபம்தான். "உனக்கு என்ன தெரியும்" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். சில சமயம் வெளியேயும் வந்திருக்கிறது.

பாரிஸ் கதை என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு பாரிசில் ஓர் உலகக் கணினி மையம் தொடங்கியது. ஏழை நாடுகளின் மக்கள் வாழ்க்கைக்குக் கணினி என்ன செய்யும் என்று பார்ப்பது அதன் நோக்கம். ரெட்டி அதற்குத் தலைமை விஞ்ஞானி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சீமோர் பேப்பர்ட்டும் நிக்கோலஸ் நெக்ரோபான்டேயும் அங்கே இருந்தார்கள். செனகலில் பள்ளிப் பிள்ளைகளிடம் கணினியைக் கொடுத்துப் பார்த்தார்கள். மையம் நீண்ட நாள் நிற்கவில்லை. 1984இல் அதிபர் மித்தரான் ரெட்டிக்குப் பிரான்சின் உயரிய விருதான லீஜியன் ஆஃப் ஹானர் கொடுத்தார்.

மையம் போனாலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. படிக்கத் தெரியாதவருக்குக் கணினி எதற்கு? பேசினால் புரிந்துகொள்ளும் கணினி என்றால் அவருக்கும் உதவும். பேச்சறிதலில் தொடங்கியவருக்கு இது இயல்பான அடுத்த படி. பின்னாளில் டிவியாகவும், போனாகவும், கணினியாகவும் ஒரே பெட்டி வேலை செய்யும்படி பிசிடிவிடி என்ற ஒன்றைச் செய்யப் பார்த்தார். அது பரவவில்லை. அந்த வேலைகள் எல்லாம் இன்றைக்கு நம் கைப்பேசியில் இருக்கின்றன.

இந்தியாவுக்கு என்ன செய்தார்?

ஹைதராபாதில் 1998இல் தொடங்கிய ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆட்சிக் குழுவுக்குப் பல ஆண்டு தலைவர். அதைவிடப் பெரியது என்று நான் நினைப்பது 2008இல் அன்றைய ஆந்திராவில் வந்த ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இடுபுலபாயா, நூஜிவீடு, பாசர் ஆகிய மூன்று ஊர்களில் மூன்று வளாகம். பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, அங்கேயே தங்கவைத்து, ஆறு ஆண்டில் பி.டெக். வரை கொண்டுபோவது. கோச்சிங் சென்டர் வாசலை மிதிக்காமல் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பு. ஆசிரியர் போதாத இடத்தில் கையில் லேப்டாப் கொடுத்துப் பாடத்தை அதில் வைப்பது. ரெட்டி அதன் வேந்தராக இருந்தார். காட்டூரிலிருந்து கிளம்பிய ஒருவர் இப்படி ஓரிடத்தை ஏன் நினைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை. வசதிகள், ஆசிரியர் பற்றாக்குறை பற்றிய புகார்கள் அந்த வளாகங்களில் அடிக்கடி எழுந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பத்து லட்சம் புத்தகத் திட்டம். இந்தியா, சீனா, எகிப்து எல்லாம் சேர்ந்து 2007க்குள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை ஸ்கேன் செய்தார்கள். பழைய தமிழ் நூல்களும் அதில் உண்டு. பக்கம் சாய்ந்து, தலைப்பு ஆங்கில எழுத்தில் கன்னாபின்னாவென்று கிடக்கும் ஒரு பழைய தமிழ் நூலை இணையத்தில் இறக்கியிருந்தால், அது இந்த வழியில் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். திட்டிக்கொண்டே நானும் பல நூல்களை அப்படித்தான் படித்தேன்.

ஸ்ட்ராட்டஜி வேலை என்றால் நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

அதிகம் படிப்பார்கள், அதிகம் கூட்டத்தில் உட்காருவார்கள். ரெட்டி 1999 முதல் 2001 வரை அமெரிக்க அதிபருக்குத் தகவல் தொழில்நுட்பம் பற்றி ஆலோசனை சொல்லும் குழுவின் இணைத் தலைவர். பத்து வருடம் கழித்துப் பலன் தரும் ஆராய்ச்சிக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது போன்ற கேள்விகள் அங்கே வரும்.

எடுக்கும் பிரச்சினையைச் சரியாகத் தேர்வது அதில் பாதி. 1988இல் அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் சங்கத்தின் தலைவராக உரையாற்றியபோது இந்தத் துறைக்குச் சில பெரும் சவால்களை முன்வைத்தார். உலக சாம்பியனை வெல்லும் சதுரங்க இயந்திரம், மொழிபெயர்க்கும் தொலைபேசி, விபத்தைத் தானே தவிர்க்கும் கார் ஆகியவை அதில் இருந்தன. சதுரங்கம் 1997இல் முடிந்தது. அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ இயந்திரத்தின் வேர், கார்னகி மெலன் மாணவர்கள் செய்த டீப் தாட் என்ற சதுரங்க இயந்திரத்தில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. கார் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நான் என்ன குரூப் எடுக்கட்டும்?

எது கிடைத்தாலும் எடுங்கள், ஆனால் இரண்டை விடாதீர்கள். ஒன்று நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு இரண்டையும் பரீட்சைக்கு அல்லாமல் படிப்பது. இன்னொன்று கையால் ஏதாவது ஒன்றைச் செய்து, அது கெட்டுப்போவதைப் பார்ப்பது. எங்கள் பிள்ளைகள் கெடுத்த கதை ஒன்று இருக்கிறது.

நான்கு பேர் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்டாகக் குரலுக்குக் கட்டுப்படும் சக்கர நாற்காலி செய்தார்கள். போ, நில், இடம், வலம், நான்கே சொல். லேபில் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தால் பத்துக்கு ஒன்பது சரியாக வரும். கல்லூரி விழாவில் காட்ட மேடைக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன், மைக் செட் அண்ணன் "செக் செக்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பையன் "போ" என்றான், போனது. "நில்" என்றான், நிற்கவில்லை. "நில், நில்" என்று கத்த ஆரம்பித்தான். நாற்காலி நேராகப் போய்க் குத்துவிளக்கில் மோதி, எண்ணெய் தரை முழுக்க. நல்ல வேளை, அப்போது திரி ஏற்றவில்லை.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தோம். 'நில்' ஓர் அசைச் சொல். தொடக்கமும் முடிவும் மெல்லிய ஒலி. ஃபேன் சத்தத்தில் அது கரைந்துபோகிறது. 'நிறுத்து' என்று மாற்றினோம். மூன்று அசை, நடுவில் 'த்து'வின் மௌனம். இயந்திரத்துக்குப் பிடிமானம் அதிகம். பிறகுதான் அந்தக் குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் கேட்டாள்: "நிறுத்தச் சொல்றதைக் காது கேட்குமான்னு நம்பி ஏன் மேம் விடணும்?" அவள் சொன்னபடி இரண்டு மாற்றம் செய்தோம். கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அப்புறம், இரண்டு நொடிக்கு ஒரு முறை 'போ' கேட்காவிட்டால் வண்டி தானாக நின்றுவிட வேண்டும்.

சொல்லை மாற்றியது ஏஐ. பொத்தான் வைத்தது ரோபாட்டிக்ஸ். எது கேட்காவிட்டாலும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாளே, அதை என்ன குரூப்பில் சேர்ப்பீர்கள்? அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கு அதை விளக்கியதும் அவள்தான்.

பாடம் நடத்தும் ஆசை இருந்தால் கம்பெனி வேலைக்குப் போகக் கூடாதா?

ரெட்டி ஐபிஎம்மிலிருந்து வந்தவர்தானே. போய்விட்டு வாருங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒருமுறை நின்றவர் நடத்தும் பாடம் வேறு மாதிரி இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது சம்பளம் குறையும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலம் வராது, கிராமத்துப் பள்ளி, தாமதமாகத் தொடங்குகிறேன். முடியுமா?

கணினியை வைத்து வேலை பார்க்கும்போது ரெட்டிக்கு இருபது வயதைத் தாண்டிவிட்டது. இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளை கையில் அதைவிடப் பெரிய கணினி இருக்கிறது. ஆங்கிலம் வேண்டும், அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் அது இரண்டு வருடத்தில் வந்துவிடும். நிகழ்தகவுக்குத்தான் அதைவிட நாளாகும்.

அந்தச் சக்கர நாற்காலி இப்போது எங்கே?

லேபில்தான் இருக்கிறது. மைக்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யுபிஎஸ் பேட்டரியை மாடிக்கும் கீழுக்கும் லிஃப்டில் ஏற்றி இறக்க லேப் உதவியாளர் அண்ணன் அதைத்தான் தள்ளிக்கொண்டு போகிறார். சிவப்புப் பொத்தான் மட்டும் இன்னும் வேலை செய்கிறது.